உப்புத் தீயில் தெரிந்த கோடுகள்

ஆண்டுக்கு ஒருமுறை கருவூலத்துக்குப் போய், உயிரோடு இருப்பதை விரல் ரேகை வைத்து நிரூபித்துவிட்டு வருகிற என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இளையவர்களுக்குச் சொல்வதென்றால் பம்ப் அடுப்பு என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நான் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவள். எந்த மனுவை எந்த மேசையில் வைத்தால் நகரும், எங்கே வைத்தால் உறங்கும் என்பது எனக்குத் தெரியும். சாட்சியை எப்படிக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்கக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் நான் பார்த்த முதல் விசாரணை நீதிமன்றத்தில் நடக்கவில்லை. எங்கள் வீட்டு நெல் அறையில் நடந்தது. ஒரே சாட்சி நான். அப்போது எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் எங்கள் வீடு. கொல்லையில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் தெரியாது. மலை இருந்த இடத்தில் ஈரத் துணி காயப்போட்டதுபோல ஒரு சாம்பல் நிறம் மட்டும் தொங்கும். அந்த வருடம் மழை கூடுதல். கரும்பு வயலில் தண்ணீர் நின்றது. வீட்டுக்குள் நெல்லின் புழுங்கல் வாசனையும் மாட்டுச் சாணத்தின் வாசனையும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி அறிவித்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் ஓர் எலும்புக்கூட்டுப் படமும் உடைந்த தராசும்தான் இருந்தன. ஆகவே எல்லோரும் வீட்டுப் பொருள்களை வைத்தே செய்ய வேண்டும் என்று உத்தரவு. அறிவியல் வாத்தியார் எனக்கு ஒளியின் குறுக்கீட்டை ஒதுக்கினார். பயிற்சிக் கல்லூரியில் ஒருமுறை பார்த்ததாகச் சொன்னார். பார்த்தாரா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு. ஆனால் சொன்ன செய்முறை சரியாகவே இருந்தது.

செய்முறை இதுதான். துணி சோப்பைச் சீவி, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். படலம் சீக்கிரம் உடையாமலிருக்கக் கொஞ்சம் சர்க்கரை. அதில் ஒரு வளையலை முக்கி எடுத்தால் வளையத்துக்குள் கண்ணாடி போட்டதுபோலச் சோப்புப் படலம் நிற்கும். இருட்டறையில் பம்ப் அடுப்பை நீலமாக எரியவிட்டு, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றித் தீயில் காட்ட வேண்டும். தீ மஞ்சளாகும். வளையலை நிமிர்த்திப் பிடித்து, பின்னால் கறுப்பாக ஒன்றை வைத்து, படலத்தில் அந்தத் தீயின் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். மஞ்சளும் கறுப்புமாகக் கோடுகள் தெரியும். படலத்தின் முன்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் பின்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் சில இடங்களில் ஒன்றுக்கொன்று துணையாகும். சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழித்துக்கொண்ட இடம் கறுப்பு. வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்து வந்த இருட்டு.

சோப்பும் உப்பும் இருந்தன. வளையலுக்குச் சித்தியிடம் போனேன்.

சித்தப்பாவின் மனைவி, திருநாவலூர்க்காரி. என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்பது அவள் பேரில் எங்கள் வீட்டில் நிலுவையிலிருந்த வழக்கு. வாய்தா மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மாவரைக்கும்போது என்னிடம் பள்ளிக்கூடக் கதை கேட்பாள்.

"வளையலு எதுக்குடி உனக்கு?"

"வெளிச்சமும் வெளிச்சமும் சேந்தா இருட்டு வரும் சித்தி. அத்த காட்றதுக்கு."

"அதுக்கு வளையலு வேற வேணுமா? இந்த வூட்ல ரெண்டு வெளக்கு ஏத்தி வச்சாலும் இருட்டாத்தான இருக்குது."

சொல்லிவிட்டுத் தடித்த பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள்.

"ஒடச்சிடாத. வேல முடிச்சிட்டு வர்றேன், எனக்குத்தான் மொதல்ல காட்டணும், ஆமா."

சரி என்றேன்.

அத்தை, அப்பாவின் அக்கா, கார்த்திகைக்குத் தியாகதுருகத்திலிருந்து வந்தால் பொங்கல் கழித்துத்தான் திரும்புவாள். அவள் வந்ததும் வீட்டில் எல்லோருடைய குரலும் ஒரு படி இறங்கிவிடும். காதில் சிவப்புக் கல் தோடு போட்டிருப்பாள். அந்த வாரத்தில் ஒருநாள் காலையில் ஒரு தோடு மட்டும் இருந்தது. மற்றொரு காது வெறுமையாக இருந்தது.

பாயை உதறினார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். வாசலில் கிடந்த கோலமாவைக்கூடச் சலித்தார்கள். கிடைக்கவில்லை. மலைமேல் மை போட்டுப் பார்க்கிற ஒருவர் இருந்தார். வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி, பெரிய மனுஷி ஆகாத ஒரு பெண்பிள்ளையை அதில் பார்க்கச் சொல்வார். அந்தப் பிள்ளையின் கண்ணுக்குத் திருடியவர் தெரிவார். எங்கள் பக்கத்தில் காவல் நிலையத்தைவிட அவர்மேல்தான் நம்பிக்கை. அத்தை போகத் தயாரானாள். ஆனால் மழையில் மலைப்பாதை சரிந்து, பேருந்து நின்றுபோயிருந்தது.

மறுநாள் மத்தியானம் நான் நெல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ஜன்னலில் கோணி. பின்னால் கறுப்புக்கு, கரி பிடித்த சட்டியின் அடிப்பாகத்தைத் திருப்பி வைத்திருந்தேன். உப்புத் துணி தீயில் படபடவென்று பொரிந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அத்தை கதவைத் திறந்தாள். உப்பைத் தீயில் போடுவது கண்ணேறு கழிக்கத்தான் என்பது அவளுக்குத் தெரிந்த சாத்திரம். கரி, தீ, உப்பு, பெரிய மனுஷி ஆகாத பெண், அவள் உற்றுப் பார்க்கிற பளபளப்பான ஒன்று. அத்தனையும் ஒரே அறையில்.

"இன்னாடி பாக்குற?"

"கோடு தெரியுது அத்த."

அவள் சட்டியையும் தீயையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு வெளியே திரும்பி, "தம்பி, இங்க வா. மலைக்குப் போவ வேண்டிய வேலையே இல்ல" என்றாள்.

அப்பா வந்தார். அம்மா வந்தாள். சித்தப்பா வந்து கதவோரம் நின்றார். மாவுக் கையோடு சித்தியும் வந்தாள்.

"நீ உள்ள வராத. வயிறு தொறக்காதவ நெழலு மேல வுழுந்தா கொழந்த கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் அத்தை.

"எனக்குக் காட்றேன்னு சொல்லிச்சிங்க அண்ணி."

"அப்பறமா பாத்துக்கலாம், போ."

கதவு சாத்தப்பட்டது. உப்புத் தீயில் எல்லோர் முகமும் பிணத்தின் முகம்போல வெளுத்துத் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் சிவப்பு என்று ஒரு நிறம் கிடையாது. அம்மாவின் குங்குமம் கறுத்துக் கிடந்தது. அத்தை அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தன் நெற்றியிலும் அப்படித்தான் என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை.

"நல்லா பாரு. இன்னா தெரியுது?"

"மஞ்சக் கோடு. கருப்புக் கோடு. மாறி மாறி வருது."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"கோடு தான் அத்த."

"வேட்டியில அந்த மாதிரி கோடு வருமா தம்பி? வராது. அப்போ பொம்பளதான். நிக்கிறாளா, நவுர்றாளா?"

"கோடு நவுருது. மெதுவா கீழ போவுது."

"நடமாடிக்கினுதான் இருக்கிறா. வூட்டுக்குள்ளயே. அப்பறம்?"

"மேல கருப்பா வருது. கோடே இல்லாம."

"மூஞ்ச மறைக்கிறா."

படலம் உடைந்தது. வெறும் வளையல் என் கையில் இருந்தது.

"அவ்ளோதான். காட்டிடுச்சி" என்றாள் அத்தை.

பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நிற்பார் என்பதெல்லாம் நான் பின்னால் கற்றுக்கொண்டது. அந்த அறையில் எதிர்த்தரப்பு கதவுக்கு வெளியே மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தது. கதவைத் திறந்தபோது வெளிச்சம் நேராக அவள்மேல் விழுந்தது. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட புடவை உடுத்தியிருந்தாள்.

யாரும் கத்தவில்லை. அத்தை மட்டும் நிதானமாகக் கேட்டாள்.

"நேத்து காலைல என் பாய சுருட்னது யாரு?"

"நான் தான் அண்ணி."

அது உண்மை. தினமும் எல்லோர் பாயையும் அவள்தான் சுருட்டுவாள். கோடு தெரிந்தது என்று நான் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைகள், அவரவர் வழியில் நேராக வந்தவை. சேர்ந்த இடம் கறுத்துவிட்டது. வாத்தியார் கேட்டிருந்தால் குறுக்கீட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் கிடையாது.

"நான் எடுக்கலிங்க" என்று சித்தி அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா உப்புத் துணியின் சாம்பலைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

அப்பா தீர்ப்புச் சொன்னார். "கொஞ்ச நாளு அம்மா வூட்ல இருந்துட்டு வரட்டும்."

திருடி என்று சொல்லவில்லை. திருடியில்லை என்றும் சொல்லவில்லை. தேதி குறிக்காமல் ஒத்திவைப்பது என்று இதற்குப் பெயர். அப்படி ஒத்திவைத்த கட்டுகள் திரும்ப வருவதில்லை என்பதை வேலையில் நிறையப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் சித்தப்பா அவளை உளுந்தூர்பேட்டைக்குப் பேருந்து ஏற்றிவிடப் போனார். தகரப் பெட்டியும் ஒரு துணி மூட்டையும். நான் வளையலை நீட்டினேன்.

"நீயே வச்சிக்கோ. கண்காட்சி முடியட்டும். வந்து வாங்கிக்கிறேன்" என்றாள்.

கண்காட்சியில் என் கோடுகளைப் பார்வையாளர் ஒருவர் குனிந்து பார்த்து, "அப்படியா" என்றார். எரிமலை செய்தவனுக்கு முதல் பரிசு. எனக்கு இரண்டாம் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. வெளிர்நீலம், மூடியில் ஒரு பூ. அதைப் பல காலம் வைத்திருந்தேன், எப்போது காணாமல் போனது என்று தெரியவில்லை. வளையல் திரும்பி வரும் வழியிலேயே பைக்குள் உடைந்துவிட்டது.

மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் பக்கத்தில் மாட்டுத் தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடிப்பார்கள். வருடம் முழுக்கக் கழுநீரும் தவிடும் ஊறி அடியில் சேறு படிந்திருக்கும். அப்பா மண்வெட்டியால் வழித்துப் போட்ட சேற்றில் சிவப்பாக ஏதோ மின்னியது. அம்மா எடுத்துக் கழுவினாள். தோடு. திருகாணி இல்லை. அத்தை தினமும் விடியற்காலையில் அந்தத் தொட்டி ஓரத்தில் நின்றுதான் முகம் கழுவுவாள்.

இனிச் சித்தி வந்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். பிள்ளைகளின் சட்ட அறிவு அவ்வளவுதான்.

அத்தை தோட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"பாத்தியா தம்பி? பயந்துகினு தொட்டில போட்டுட்டுப் போயிருக்கிறா."

அப்பா மண்வெட்டியைக் கழுவினார். "இருக்கும்" என்றார். தீர்ப்பு முதலில் வந்துவிட்டால் சான்றுகள் பின்னால் வந்து வரிசையில் நின்றுகொள்ளும். தோடு கிடைக்காமலே போயிருந்தால்கூட அவள் என்றாவது திரும்பி வந்திருக்கலாம். கிடைத்ததனால் அந்த வழியும் அடைபட்டது.

மறுநாள், மாட்டுப் பொங்கலன்று, அம்மா கட்டிக்கொள்ளப் புடவை எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்துருண்டை வாசனை. மேலே இரண்டு பட்டு. அதற்கடியில் மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட புடவை, மடிப்புக் கலையாமல்.

முந்தின தீபாவளிக்கு அப்பா கள்ளக்குறிச்சியில் ஒரே கட்டிலிருந்து மூன்று புடவை எடுத்து வந்திருந்தார். அம்மாவுக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று, தன் அக்காவான அத்தைக்கு ஒன்று. வேறு வேறாக எடுத்தால் பொம்பளைகளுக்குள் மனத்தாங்கல் வரும் என்பது அவர் கொள்கை. அம்மாவும் அத்தையும் நல்ல நாளுக்கென்று பெட்டியில் வைத்துவிட்டார்கள். சித்திக்கு மாற்றுப் புடவை கம்மி. ஆகவே அவள் அதைக் கட்டிக்கொண்டு மாவரைத்தாள்.

"அம்மா, இது உன்கிட்டயும் இருக்குது" என்றேன்.

"ஆமா."

"அத்தகிட்டயும் இருக்குதே."

அம்மா பட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினாள். "போயி மாட்டுக்குப் பொட்டு வையி" என்றாள். அந்தப் புடவையை அவள் ஒருநாளும் கட்டவில்லை. பிற்பாடு தலையணை உறையானது. நான் கல்லூரி விடுதிக்குப் போனபோது அதில் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். மூன்று வருடம் அதில்தான் தலை வைத்துத் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

சித்தப்பா இரண்டொரு முறை திருநாவலூர் போனார். தனியாகத் திரும்பினார். வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, அவளை அழைத்து வரவுமில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவிக்கொள்கிற மனிதராக அந்த வீட்டிலேயே வயதானார். அத்தை, அப்பா, அம்மா என்று வரிசையாகப் போனார்கள். சென்ற மாசி மாதம் அவரும் போனார். சித்திக்குச் சொல்லியனுப்பினார்களா என்று கேட்டேன். "தெரிஞ்சிருக்கும்" என்றார்கள் என் தம்பிகள்.

காரியம் முடிந்த பிறகுதான் அவள் எல்லோர் நினைவுக்கும் வந்தாள். பிள்ளையில்லாதவர், விவாகரத்து ஆகாதவர். அவர் பங்கு நிலம் யாருக்குப் போகும் என்று என் தம்பிகளுக்கு எந்த வக்கீலும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பதிவு அலுவலகத்துக்கு வந்து, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நடைமுறை தெரிந்தவள் நான். அனுப்பப்பட்டேன். மறுக்கத் தோன்றவில்லை. போவதில் விருப்பமும் இல்லை.

திருநாவலூரில் கோயிலுக்குப் பின்தெருவில் இரண்டு அறை வீடு. அவள் தம்பி மகனோடு இருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் விரல் முட்டி வலிக்கென்று போட்ட ஒற்றைச் செம்பு வளையல். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"கண்ணாடிலாம் போட்டுக்கினு வாத்தியாரம்மா மாதிரி இருக்கிற. உக்காரு."

"சித்தப்பா…"

"தெரியும். கேள்விப்பட்டு தல முழுவிட்டேன். நீ வந்த வேலைய சொல்லு."

சொன்னேன். பத்திரத்தின் நகலை வாசித்தும் காட்டினேன். நடுவில் நிறுத்தினாள்.

"எம்பேரு எங்க வருது?"

"மொதல்ல சித்தி. அவரு மனைவின்னு."

"அப்போ இன்னும் நான் அந்த வூட்டு ஆளுதானா?"

"சட்டப்படி ஆமா."

அவள் அதை மெல்லுவதுபோலக் கொஞ்ச நேரம் வாயை அசைத்தாள். பிறகு, "இது கெடக்கட்டும். எனக்கு ஒண்ணு காட்றேன்னு சொன்னியே. இன்னும் காட்டல" என்றாள்.

நான் நகலைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு எல்லாரும் பாத்தாங்க. என்ன மட்டும் உள்ள வுடல. அப்பிடி இன்னா தெரிஞ்சிதுன்னு நானும் பாக்கிறேன். இன்னா இன்னா வேணும்?"

"சோப்பு, உப்பு, அடுப்பு. அப்பறம் வளையலு."

செம்பு வளையல் விரல் முட்டியைத் தாண்டி வரவில்லை. கையில் சோப்புத் தடவித்தான் கழற்ற வேண்டியிருந்தது. சமையலறை ஜன்னலைப் போர்வையால் மூடினேன். கேஸ் அடுப்பின் நீலத் தீயில் உப்புத் துணியைக் கரண்டிக் காம்பில் சுற்றிக் காட்டினேன். பின்னால் தோசைக்கல்லை நிமிர்த்தி வைத்தேன். அவள் முகம் மஞ்சளாக வெளுத்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். வளையலை முக்கி அவள் கையில் கொடுத்தேன். முதல் படலம் உடனே உடைந்தது. இரண்டாவது நின்றது.

மேலிருந்து ஒவ்வொன்றாகக் கோடுகள் உண்டாகிக் கீழே நகர்ந்தன. மஞ்சள், கறுப்பு, மஞ்சள்.

"இதுவா?"

"இதுதான்."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் சித்தி."

கண்ணை இடுக்கிக்கொண்டு நெருங்கிப் பார்த்தாள்.

"ஏன்டி, இது குறுக்கால இல்ல போவுது?"

"ஆமா."

"என் பொடவ கோடு நெடுக்கால இருக்கும்டி. தோள்லருந்து கால் வரைக்கும். உங்கம்மா பொடவையும் அதான், அண்ணி பொடவையும் அதான். குறுக்கால கோடு போட்ட பொடவ அந்த வூட்ல யாருகிட்டயும் கெடயாது."

எத்தனையோ விசாரணைகளில் சாட்சியம் பதிவாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அந்தத் தலையணையில் மூன்று வருடம் தூங்கியவளும் நான்தான். கோடு எந்தத் திசையில் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

படலத்தின் மேற்பகுதி கறுக்கத் தொடங்கியது. அந்த இடத்தில் படலம் கிழிந்து ஓட்டை விழுந்துவிட்டதுபோலத் தெரியும். கிழிந்திருக்காது. ஒளியைத் திருப்பித் தர முடியாத அளவுக்கு மெலிந்திருக்கும், அவ்வளவுதான். அவள் அது உடையும் வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். உடைந்ததும் அடுப்பை அணைத்தாள். போர்வையை எடுத்தாள். வளையலைக் கழுவி, முட்டியில் சோப்புத் தடவி, திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"கையெழுத்து எப்போ போட வர்றீங்க சித்தி?" என்று கேட்டேன். கேட்கத்தான் அனுப்பியிருந்தார்கள்.

"உன் தம்பிங்கள இங்க வரச் சொல்லு. பொண்டாட்டிங்களையும் கூட்டிக்கினு வரச் சொல்லு. எல்லாரும் இந்த அடுப்புக்கிட்ட நின்னு பாக்கட்டும். பாத்துட்டு, குறுக்காலதான் போவுதுன்னு வாயால சொல்லட்டும். அப்பறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்."

நகலை மடித்துப் பையில் வைத்தேன். தம்பிகளுக்கு அன்றே தகவல் சொல்லிவிட்டேன். சின்னவன் சிரித்தான். பெரியவன் இதெல்லாம் நடைமுறையில் உண்டா என்று கேட்டான்.

உண்டு என்றேன். கூண்டில் ஏற்றாமலே தண்டிக்கப்பட்டவரைத் திரும்ப விசாரிக்க வேண்டுமென்றால், முதலில் சான்றை அவருக்குக் காட்ட வேண்டும். பிறகு மற்றவர்கள் வந்து பார்க்க வேண்டும். சோப்பு வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.